மிச்சப் பதுக்கல்

ஐகோர்ட் துரையின் தொடையில் கட்டிய பட்டையில் நான்கு பச்சைப் பொட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. அடுத்த மூட்டை காலடியில் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிடங்கை விட்டு வெளியே நடந்துவிட்டான். அவன் செய்த குற்றம் இவ்வளவுதான்.

இந்தப் படத்தைத் தூத்துக்குடி கிடங்குத் தொழில் நடுவர் மன்றத்தின் சுவரில் மூன்று தடவை ஓட்டிக் காட்டினார்கள். மூன்றாம் தடவை பொட்டுகளை மட்டும் பெரிதாக்கினார்கள். சுவர் முழுக்கப் பச்சை. சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து பிலோமினா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொலை செய்த கத்தியைக் காட்டுவதைப் போலக் காட்டுகிறார்களே! இத்தனைக்கும் அந்தப் பொட்டுகளைக் கண்டுபிடித்தவளே அவள்தான்.

"சட்டப்படி உடம்புல இன்னும் இரண்டு தூக்குதான் மிச்சம்ங்கிறவரைக்கும் தூக்கணும்" என்றார் நெய்தல் கிடங்கின் வழக்கறிஞர் நந்தகோபால். "எதிரி நாலிலேயே நிறுத்திட்டார். தினமும் இரண்டு தூக்கு. ஏழு மாசமா. இது மிச்சப் பதுக்கல். குற்றம் உறுதியானா இவரோட தூக்குச் சான்றை ரத்து பண்ணணும்னு கேட்டுக்கறேன்."

தூக்குச் சான்று போனால் இந்தக் கடற்கரையில் ஒரு கிடங்கும் துரையை உள்ளே விடாது. நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. நந்தகோபாலுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவர் சென்னையிலிருந்து வந்தவர். ஐகோர்ட் என்பது இந்தப் பக்கத்தில் சாமியின் பெயர் என்று தெரியாமல், காலையில் பெயரைக் கூப்பிட்டபோது தனக்குள் ஒருமுறை சிரித்துக்கொண்டார். அவருடைய கறுப்புக் கோட்டின் கைகள் புஜத்தில் பிதுங்கிக்கொண்டிருந்தன. அந்தப் புஜம் எப்படி வந்ததென்று பிலோமினாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அவள் கண்டுபிடித்த மிச்சமானியைக் கட்டிக்கொண்டு அளந்து வளர்த்த புஜம் அது.

மிச்சமானி வருவதற்கு முன்னால் உடற்பயிற்சிக்கூடங்களில் நடந்த கூத்து இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. தசை வளர எட்டுத் தூக்கா, பதினைந்து தூக்கா? வாரத்துக்குப் பத்துச் சுற்றா, இருபதா? ஒவ்வொரு மாஸ்டரும் தனித்தனி மதம் நடத்தினார். நாலு தெரு தள்ளியிருந்த மாஸ்டரின் சீடன் வந்தால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மில்லர்புரத்தில் கூடம் நடத்திய பிலோமினா மட்டும் ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற ஒவ்வொருவரையும் அளந்தாள். எடையைக் குறைத்து முப்பது தடவை தூக்கினாலும், கூட்டி ஐந்தாறு தடவை தூக்கினாலும் தசை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தது. ஒரு நிபந்தனை இருந்தது. 'இனி என்னால் முடியாது' என்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் நிறுத்த வேண்டும். அப்படிப் போகும் சுற்றுகள் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இருந்தால் போதும். அதற்கு மேல் செய்வதெல்லாம் வியர்வை வீண்.

சிக்கல் என்னவென்றால், அந்த இடம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. புதிதாக வந்தவர்கள் ஐந்து தூக்கு மிச்சம் இருக்கும்போதே "செத்துட்டேன் மாஸ்டர்" என்பார்கள். வீம்புக்காரர்கள் ஒன்றுமே மிச்சமில்லாதபோதும் "இன்னும் ரெண்டு போடுவேன்" என்பார்கள். மாஸ்டர்களின் வழக்கம் அதைவிட மோசம். "கடைசி ஒண்ணு!" என்று கத்துவார்கள். அவன் நரம்பு புடைக்கத் தூக்கி முடித்ததும் "இன்னும் ஒண்ணு!" என்பார்கள். பிலோமினாவும் அப்படிக் கத்தியவள்தான். அப்படிக் கத்திக் கத்தி ஒரு பெண்ணைத் தூக்கவைத்தாள். மூன்றாம் நாள் அந்தப் பெண் தசை நைந்து, சிறுநீர் கறுத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் பிலோமினாவின் தொண்டையிலிருந்து அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வரவில்லை. தன் மேலேயே அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் மிச்சமானி.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டை. தசையின் மேல் ஒட்டிக்கொண்டால் போதும். ஒவ்வொரு தூக்கிலும் தசை எவ்வளவு மெதுவாகிறது, எப்படி நடுங்குகிறது, நரம்பு அதற்கு எவ்வளவு கெஞ்சுகிறது என்று பார்த்து, கையில் இருக்கும் எடையை இன்னும் எத்தனை தடவை தூக்க முடியும் என்பதைப் பொட்டுப் பொட்டாகக் காட்டும். பிழை அரைத் தூக்குக்கு மேல் போகாது. ஐந்தே வருடத்தில் அது இல்லாத வீடு இல்லை. பல் துலக்குவதைப் போல ஜனங்கள் தசை வளர்த்தார்கள்.

பிறகு அது கிடங்குகளுக்குள் நுழைந்தது. உப்புக் காற்றில் இயந்திரக் கைகளின் மூட்டுகள் ஆறு மாதத்தில் இறுகி நின்றன. துருவேறாத ஒரே கை மனிதக் கை என்று முதலாளிகள் கண்டுகொண்டார்கள். சுமை தூக்குகிறவர்களைக் கசக்கிப் பிழிகிறார்கள் என்று புகார் வந்தபோது பிலோமினா தானே போய் அரசாங்கத்திடம் பேசினாள். "மிச்சம் இரண்டுக்குக் கீழே ஒருவரையும் தூக்கவைக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தாள். சட்டமானது. அவளுக்கு மாலை போட்டு டாக்டர் பட்டமும் கொடுத்தார்கள். அடுத்த மாதமே கிடங்குகள் அதே வரியைத் திருப்பிப் படித்தன: மிச்சம் இரண்டு ஆகிறவரை ஒவ்வொருவரும் தூக்கியே தீர வேண்டும். முன்பெல்லாம் ஒருவன் "முடியல அண்ணாச்சி" என்று உட்கார்ந்தால், மேஸ்திரி திட்டிவிட்டாவது நம்புவார். இப்போது அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. தொடையைத்தான் பார்க்கிறார்கள்.

"டாக்டர் பிலோமினா" என்று நந்தகோபால் அவள் பக்கம் திரும்பினார். "உங்களைத் தொழிற்சங்கம்தான் சாட்சியாக் கூப்பிட்டிருக்கு. அதனால நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அவங்களும் ஒத்துக்கறாங்க. ஒரே கேள்வி. மானி தப்பாக் காட்டியிருக்க முடியுமா?"

மன்றத்தில் பின்வரிசைகளை நிறைத்திருந்த சுமைதூக்கிகள் முன்னால் சாய்ந்தார்கள். அவள் "முடியும்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். துரை வீட்டுக்குப் போய்விடலாம். முந்தின நாள் சங்கத்து ஆட்கள் அவளிடம் அதைத்தான் நயமாகக் கேட்டார்கள். அவளும் இரவெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"முடியாது" என்றாள் பிலோமினா. "அவருக்கு நாலு மிச்சம் இருந்தது. மானி தப்பாக் காட்டாது."

பின்வரிசையில் யாரோ காறித் துப்புகிற சத்தம் கேட்டது. நந்தகோபால் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் கேட்க அவருக்கு எதுவும் இல்லை.

நடுவர் வாசுகி நல்ல மாதிரி. சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆளைப் பார்த்துப் பேசுகிறவர். "துரை, நீங்க என்ன சொல்றீங்க? நாலு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா" என்றான் துரை. "இல்லன்னு நான் எங்க சொன்னேன்?"

"பிறகு ஏன் தூக்கல?"

"அது சந்தனத்துக்கு."

யாருக்கும் புரியவில்லை. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். சந்தனமாரி அவன் மனைவி. ஆறு வருடத்துக்கு முன்னால் பேருந்து கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துப்போய்விட்டது. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனதும் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து தூக்கி நாற்காலிக்கு. சாப்பிட்டபின் நாற்காலியிலிருந்து மறுபடி குளியலறை. கடைசியில் கட்டில்.

"நாலு தடவம்மா. அவ நாப்பத்தெட்டு கிலோ, நம்ம மூட்ட அம்பது. ஏறக்கொறைய ஒண்ணுதான். மொதல்ல நானும் சட்டப்படி ரெண்டுலதான் விட்டேன். ஒருநாள் மூணாவது தூக்குல முட்டி மடங்கிட்டு. அவள கீழ போட்டுட்டேன். காறை எலும்பு ஒடஞ்சிட்டு. பொறவுதான் நாலு வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

பிலோமினாவால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவள் எழுந்தேவிட்டாள். கேட்டாலொழியச் சாட்சி பேசக்கூடாது என்கிற விதியெல்லாம் அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

"இதைப் பதுக்கல்னு சொல்ல வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்று நந்தகோபாலைப் பார்த்துக் கத்தினாள். "பஞ்சத்துல அரிசி மூட்டையைப் பதுக்குறவனுக்கு வச்ச பேரைக் கொண்டாந்து, பொண்டாட்டியக் கீழ போடாம இருக்க நெனச்ச மனுஷனுக்கு வைக்கிறீங்க! அவன் ஒடம்புல இருக்கிற தெம்பு முழுக்க உங்க கிடங்குச் சரக்கா? காலையில நீங்க வாங்கினது அவனோட எட்டு மணி நேரத்தை. ஆளையே வாங்கல!"

பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. சற்று முன் காறித் துப்பியவனும் தட்டினான். நடுவர் மேசையைத் தட்டி அமைதியாக்கினார். "உணர்ச்சி புரியுது டாக்டர். ஆனா நாளைக்கு எல்லாரும் வந்து வீட்டுல நாலு தூக்கு, எட்டுத் தூக்குன்னு சொன்னா நான் எதை வச்சு நம்புறது?"

வாழ்நாள் முழுக்க அளந்தே பழகியவளுக்கு அந்த இடத்தில் வேறு எந்தப் புத்தி வரும்?

"அளந்துடலாம்" என்றாள் பிலோமினா. "வீட்டுலயும் மானி கட்டட்டும். அங்க என்ன செலவாகுதுன்னு ஒரு மாசம் பாப்போம். அந்த அளவுக்குக் கிடங்குல மிச்சம் வைக்க உரிமை கொடுங்க. அளவு முறையை நானே எழுதித் தரேன்."

நடுவருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. 'வீட்டு மிச்சம்' என்று அதற்கு ஒரு பெயரும் அவரே வைத்தார். துரை விடுவிக்கப்பட்டான். ஒரு மாதம் அளந்தபின் நாலு தூக்கு மிச்சத்தோடு வீட்டுக்குப் போக அவனுக்கு எழுத்தில் உரிமை கிடைத்தது. செய்தித்தாள்களில் பிலோமினாவின் படம் வந்தது. கிடங்குச் சட்டத்தில் ஈரம் கசிந்தது என்று தலைப்பு. அவள் அதைக் கத்தரித்துக் கண்ணாடியில் செருகிவைத்துக்கொண்டாள்.

ஏழு மாதம் கழித்து நெய்தல் கிடங்கிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம்.

தங்கள் தொழிலாளர் ஒருவரின் தொடைத் தசை இந்தத் துறைமுகத்திலேயே இதுவரை யாருக்கும் வளராத வேகத்தில் வளர்ந்திருப்பதாகவும், அவர் வீட்டில் ஏதோ சிறந்த பயிற்சி முறையைக் கையாள்வதாக மானிப் பதிவுகள் காட்டுவதாகவும், அதை மற்ற ஆயிரத்து இருநூறு தொழிலாளர்களின் வீடுகளுக்கும் விரிவாக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார்கள். டாக்டர் நேரில் பார்வையிட்டு, இணைத்திருக்கும் படிவத்தில் எடை எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை சுற்று, எத்தனை மிச்சம் இருக்கும்போது நிறுத்த வேண்டும் என்று நிரப்பித் தர வேண்டும். வீட்டுக்கும் கிடங்குக்கும் சேர்த்து ஒரே அளவு. தொழிலாளரின் பெயர் ஐகோர்ட் துரை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிலோமினா திரேஸ்புரத்தில் அவன் வீட்டைத் தேடிப் போனாள். வாசலில் நின்று பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. சந்தனமாரி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் மடியில் ஆட்டுக்கல் குழவி. அதன் மேல் ஒரு பத்துக் கிலோ அரிசிப் பை. இரண்டையும் ஒரு பழைய சேலையால் இடுப்போடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். துரை குனிந்து, மனைவியையும் குழவியையும் அரிசியையும் ஒன்றாக அள்ளித் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனான். அவன் தொடை பழைய தொடையே இல்லை. மேடையில் நிற்கிற ஆணழகனுக்கு இருப்பதைப் போல வரி வரியாக ஓடியது.

"வாங்கக்கா" என்றாள் சந்தனமாரி, நாற்காலிக்கு வந்து சேர்ந்ததும். "இவிய மாஸ்டர் மாஸ்டர்னு சொல்லுதது ஒங்களத்தானா? நல்லாருங்க. ஒங்களாலதான் நான் மொட்டமாடியப் பாத்தேன்."

பிலோமினாவுக்கு விளங்கவில்லை. சந்தனமாரி சொன்னாள். வீட்டு மிச்சம் கிடைத்த மூன்றாம் மாதம், நாலு தடவை அவளைத் தூக்கி முடித்த பிறகும் துரையின் தொடையில் மூன்று பொட்டு எரிந்தது. கிடங்கில் எல்லைக்குப் பக்கத்தில் போய்ப் போய், வீட்டிலும் வேலை செய்து, நிறுவனம் ஊற்றிய பயறுக் கஞ்சியையும் குடித்து அவன் வளர்ந்திருந்தான். கிடங்கும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஐம்பது கிலோ மூட்டையை அறுபத்தைந்தாக்கியிருந்தார்கள். அறுபத்தைந்தைத் தூக்குகிறவனுக்கு நாற்பத்தெட்டு கிலோ மனைவி இலேசாகிவிட்டாள். நாலு தடவை தூக்கினாலும் மூட்டைக் கணக்கில் மானி ஒன்றைத்தான் கழித்தது.

"மிஞ்சின மூணுல என்னத்தச் செய்யன்னு இவிய முழிச்சாவ. மாடிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னேன். பதினாலு படி. ஆறு வருசம் கழிச்சுக் கடலப் பாத்தேங்க்கா. முயல்தீவு கலங்கரை வெளக்கு தெரிஞ்சிச்சு. டெய்லி போனோம். சரியா பத்தொம்பது நாளு."

"பிறகு?"

துரை அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். வீட்டுத் தேவை மறு அளவீடு. நான்கு தூக்குகளுக்குத் தற்போதைய செலவு: ஒன்று. சட்டப்படியான இரண்டு மிச்சமே போதுமானது. மொட்டைமாடி அத்தியாவசியத் தேவை அல்ல. கூடுதலாக வைத்திருக்கும் மிச்சத்தை நாளை முதல் கிடங்கில் ஒப்படைக்கவும். கீழே அளவு முறையை வகுத்தவர் பெயர்: டாக்டர் பிலோமினா.

தன் பெயரை அந்த இடத்தில் பார்த்தபோது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என்னைத் தூக்கித் தூக்கித்தானே அவர் வளர்ந்தார், அந்த வளர்ச்சி எனக்குச் சேராதா என்று இந்தப் பெண் கேட்டால் என்ன பதில் சொல்வது? ஒருவன் மனைவியின் எடையைச் சுமந்து சேர்த்த தெம்பை, கிடங்குக்காரன் ரசீது அனுப்பி வாங்கிக்கொண்டு போகிறான். அதற்குத் தராசு செய்து கொடுத்தவள் பிலோமினா!

சந்தனமாரி அதைக் கேட்கவில்லை. அவள் குரலில் வேறு ஒரு வேகம் இருந்தது. "எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எங்க வீட்டுல இருக்கத அவனுவளுக்கு என்னத்துக்குக் குடுக்கணும்? வீட்டுலயே செலவழியட்டும்னு சொல்லிட்டேன். கொழவியத் தூக்கி மடியில வைங்கன்னேன். அரிசியையும் வைங்கன்னேன். இப்போ நான் அறுவத்தெட்டு கிலோ! மானி நாலு கழிக்கி. அதக் காட்டி நாலு மிச்சத்த மறுபடி வாங்கிட்டோம். மாடிக்குத் தெம்பு இல்லதான். இல்லாட்டா போவுது. அவனுக்குக் கெடைக்கலல்லா?"

அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. துரையும் சிரித்தான். பிலோமினா மட்டும் அந்தக் குழவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணக்கு தானாக ஓடியது. முடியாத இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும் கனமான தூக்கு. வாரம் ஏழு நாளும். எடையும் கூட்டியாயிற்று. தசை வளர வேண்டுமென்று வருகிறவனுக்கு அவளே எழுதிக் கொடுத்திருந்தால்கூட இதைவிடத் திருத்தமாக எழுதியிருக்க முடியாது.

"துரை" என்றாள். "இப்படியே செஞ்சா நீங்க இன்னும் வளருவீங்க. வளந்துட்டிருக்கீங்க. மூட்டையை எண்பதாக்குவாங்க. அப்போ அறுபத்தெட்டும் இலேசாயிடும். மறுபடியும் தாள் வரும்."

அவள் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினாள். ஆயிரத்து இருநூறு வீடுகள் என்கிற இடத்தை இரண்டு தடவை படித்தாள்.

சந்தனமாரி சேலை முடிச்சை அவிழ்த்தாள். அரிசிப் பையைக் கீழே தள்ளினாள். குழவியை மடியிலிருந்து உருட்டிவிட்டாள். அது தரையில் விழுந்து கட்டிலடியில் போய் நின்றது.

"ஏங்க்கா" என்றாள் பிறகு. "வளர என்ன செய்யணும்னு ஊரு பூரா சொல்லிக் குடுத்தீங்களே. வளராம இருக்க என்ன செய்யணும்? அதுவும் ஒங்களுக்குத் தெரியும்லா?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் பிலோமினாவிடம் அதைக் கேட்டதில்லை. ஆனால் பதில் அவளுக்கு நன்றாகத் தெரியும். நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தாள். எல்லைக்கு வெகு தூரத்தில் நிறுத்திக்கொள்கிறவர்கள், தெம்பு நிறைய இருக்கும்போதே இலேசான எடையைக் கீழே வைத்துவிடுகிறவர்கள், எத்தனை மாதம் வந்தாலும் வளர்வதில்லை. அவர்களை அவள் வீண் சுற்றுக்காரர்கள் என்று கேலி செய்திருக்கிறாள். களைக்காமல் வீட்டுக்குப் போவார்கள், மாடிப்படியில் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்குவார்கள்.

அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். படிவத்தைச் சந்தனமாரியின் நாற்காலிக் கைப்பிடியிலேயே வைத்து நிரப்பினாள். எடை: ஐம்பது கிலோவுக்கு மிகாமல். சுற்று: வளர்ச்சிக்கான சுற்று வாரத்துக்கு இரண்டே இரண்டு. நிறுத்த வேண்டிய இடம்: மிச்சம் பத்து இருக்கும்போது. மற்ற நேரத்து வேலையையும் இந்த அளவிலேயே நிறுத்த வேண்டும். விளைவு என்கிற கட்டத்தில், ஆறு மாதம் தசை ஓய்ந்து ஊறும், பின்னர் வளர்ச்சி இரட்டிப்பாகும் என்று எழுதினாள். வீட்டில் எடை கட்டித் தூக்குவது இந்த முறைக்குக் கேடு, உடனே நிறுத்தவும் என்று ஒரு வரி சேர்த்தாள். கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் பொய்க் கணக்கு அது.

"இத நம்புவாங்களா மாஸ்டர்?" என்றான் துரை.

"நம்புவாங்க" என்றாள் பிலோமினா. "உங்க வேலையே போகும்னு தெரிஞ்சும் அந்த மன்றத்துல உண்மையைச் சொன்னவ நான். என் கணக்கை யாரும் சரிபாக்க மாட்டாங்க."

யாரும் சரிபார்க்கவில்லை. ஆறு மாதம் பொறுத்தால் இரட்டிப்பு என்கிற சொல் முதலாளிகளின் வாயில் எச்சில் ஊறவைத்தது. கிடங்கில் மூட்டை ஐம்பதுக்கு இறங்கியது. பத்துப் பொட்டு எரியும்போதே மேஸ்திரிகள் "போதும், வையி" என்று விரட்டினார்கள். ஒருவன் ஆர்வத்தில் ஒன்பதுவரை போனதற்குக் கண்டிப்புக் கடிதம்கூட வாங்கினான். சாயங்காலம் திரேஸ்புரத்துத் தெருக்களில் சுமைதூக்கிகள் நிமிர்ந்து நடந்து போனார்கள். துரை வீட்டு மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிரந்தரமாக இடம் பிடித்தது.

அதோடு நின்றுவிடும் என்றுதான் பிலோமினா நினைத்தாள். ஆனால் நல்ல அளவுமுறை என்றால் அரசாங்கம் விடுமா? விளையாட்டுத் துறை அதை அப்படியே எடுத்து மாநிலத் தரமாக்கியது. காவலர் பள்ளியிலும் கல்லூரியிலும், குளிர்சாதனம் போட்ட பெரிய கூடங்களிலும், வாரத்துக்கு இரண்டு சுற்று, பத்து மிச்சம் என்று சுவரில் எழுதினார்கள். லட்சக்கணக்கான பேர் மானியைக் கட்டிக்கொண்டு, பொட்டுகளை எண்ணி, வியர்க்காமல் பயிற்சி செய்துவிட்டுக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. பரம்பரைக் கோளாறு என்று சிலர் மருத்துவரிடம் ஓடினார்கள். கஞ்சியை மாற்றிப் பார்த்தார்கள். மானியை மட்டும் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு காலை பிலோமினாவின் தொலைபேசி அடித்தது.

"மேடம், நந்தகோபால் பேசறேன். வழக்கறிஞர். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சொல்லுங்க."

"உங்க புது முறைப்படிதான் செய்யறேன் மேடம். ஒரு வாரம்கூட விடல. ஆனா புஜம் ஒரு அங்குலம் இறங்கிடுச்சு. கோட்டெல்லாம் தொளதொளன்னு தொங்குது. எனக்கென்னவோ இன்னும் நிறையத் தூக்க முடியும்னு தோணுது. உள்ளுக்குள்ள தெம்பு அப்படியே கிடக்கற மாதிரி இருக்கு."

"உங்களுக்குத் தோணுறதை விடுங்க சார். நிறுத்தும்போது தொடையிலயும் கையிலயும் எத்தனை காட்டுது?"

"சரியா பத்து மேடம்."

"அப்போ சரியாத்தான் செய்யறீங்க" என்றாள் பிலோமினா. "மானி தப்பாக் காட்டாது."